740 டன் பாதுகாப்பு

வருஷம் தவறாமல் வங்கக் கடல் வழியாகச் சென்னைக்குள் தீவிரவாதிகள் நுழையப் பார்க்கிறார்கள். தேதி குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். சம்பளம் கொடுப்பது அரசாங்கம். கையில் பொம்மை வெடிகுண்டு, வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கிய ஒரு படகு. காசிமேடு பக்கமோ எண்ணூர் பக்கமோ கரையேறப் பார்ப்பார்கள். பிடிப்பவர்களுக்கும் அதே கஜானாவிலிருந்துதான் சம்பளம். மறுநாள் பேப்பரில் படம் வரும்: முட்டி போட்டபடி தீவிரவாதி, முறைத்தபடி காவலர். படம் எடுத்து முடிந்ததும் இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

இதற்கு 'சாகர் கவச்' என்று பெயர். கடல் கவசமாம். மும்பையில் 2008 நவம்பர் 26-க்குப் பிறகு நாடு முழுக்கக் கடற்கரையில் நடக்கும் ஒத்திகை. வேடம் போட்டவர்கள் சிவப்பு அணி, பிடிப்பவர்கள் நீல அணி. எந்த அணியிலும் சேராதவர்கள் மீனவர்கள். ஆனால் ஒத்திகை நாளில் அதிகம் விசாரிக்கப்படுவது அவர்கள்தான். எந்த ஊர், யார் ஓனர், போட்டில் எத்தனை பேர், கார்டு எங்கே. விடியற்காலை வலையிழுத்துவிட்டு வருகிற ஆள் நாளெல்லாம் உப்பில் ஊறிய சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். அட்டையில் இருப்பது அவன் முகம்தானா என்று நீல அணி உற்றுப் பார்க்கும். அவன் முகம்தான். இருபது வருஷமாக அதே துறைமுகத்தில் அதே முகம்தான்.

ஒத்திகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயங்கரவாதம் கட்டுக்கதை என்றும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையையும் 1998 கோவைக் குண்டுவெடிப்பையும் பார்த்தவர்கள் நாம். நமக்கு இருப்பது ஒரே ஒரு சந்தேகம். கவசத்தை ஏன் எப்போதும் தப்பான மார்பில் மாட்டுகிறார்கள்?

மும்பைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். 166 பேரைக் கொன்றார்கள். வந்த வழி என்ன? நடுக்கடலில் குபேர் என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் ஆட்களைக் கொன்றுவிட்டு வந்தார்கள். அதாவது முதலில் செத்தவர்கள் மீனவர்கள். கரையில் ரப்பர் படகிலிருந்து மூட்டையோடு இறங்கியவர்களை முதலில் பார்த்தவர்கள் யார்? மச்சிமார் நகர் மீனவக் குடியிருப்புக்காரர்கள். யாரப்பா நீங்கள் என்று கேட்டதும் அவர்கள்தான். இதிலிருந்து அரசாங்கம் கற்ற பாடம் என்ன? மீனவர்களைக் கண்காணிக்க வேண்டும்.

ஆகவே அட்டை வந்தது. விரல் ரேகை, படகுக்குப் பதிவு, படகுக்கு மாநில வாரியாக வண்ணம். எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, தெற்கே சென்னைத் துறைமுகம். மூன்றுக்கும் பாதுகாப்பு எல்லை உண்டு. அப்பன் பாட்டன் வலைபோட்ட தண்ணீரில் இப்போது கயிறு கட்டாத வேலி. தாண்டினால் விசில். பாதுகாப்புக்காகத்தான் அய்யா என்கிறார்கள். சரி, யாருடைய பாதுகாப்பு?

பதில் மணலியில் இருந்தது. ஐந்து வருஷம் இருந்தது.

2020 ஆகஸ்ட் 4. லெபனான் நாட்டுத் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதி நகரம் கண்ணாடித் தூளானது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாம் 'அடப்பாவமே, இப்படியும் ஒரு அரசாங்கமா' என்று உச்சுக் கொட்டி முடிப்பதற்குள் செய்தி வந்தது. நம்மிடமும் இருக்கிறதாம். மணலியில், தனியார் கன்டெய்னர் யார்டு ஒன்றில், 37 கன்டெய்னர்களில், 740 டன். தென்கொரியாவிலிருந்து கப்பலில் வந்ததைச் சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்ததாம். உரிமத்தில் கோளாறு. வழக்கு. கோப்பு. அதற்குள் 2015 பெருவெள்ளம் வந்து கொஞ்சத்தைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது. எஞ்சியது 697 டன். ஐந்து வருஷத்தில் அந்தக் கிடங்கைக் காலிசெய்ய உருப்படியாக வேலை பார்த்த ஒரே துறை வெள்ளம்தான்.

கவனியுங்கள். அம்மோனியம் நைட்ரேட்டை வெடிமருந்து என்று இந்திய அரசு அறிவித்தது 2011-இல். ஏன் அறிவித்தது? குண்டு வைக்கிறவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால். 2012-இல் தனி விதிகளே வந்தன. எவ்வளவு வைக்கலாம், எங்கே வைக்கலாம், யார் வைக்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. பயங்கரவாதி கைக்குப் போய்விடக் கூடாது என்று அத்தனை கவனம். போகவில்லை. அரசாங்கத்தின் கையிலேயே பத்திரமாக இருந்தது.

சுங்கத்துறை உடனே விளக்கம் தந்தது. சரக்கு பாதுகாப்பாக இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு எதுவும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தது. 700 மீட்டரில் குடியிருப்பு இருந்தது. மணலி புதுநகர், சடையங்குப்பம் என்று சுற்றுவட்டத்தில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு அத்தனை வீடும் தெரிகிறது. வாசல் வாசலாகத் தெரிகிறது. சுங்கத்துறையின் கண்ணுக்கு மட்டும் ஒரு கூரைகூடத் தட்டுப்படவில்லை. தங்கம் கடத்துபவன் வயிற்றுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற துறை இது.

பெய்ரூட் வெடித்த ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 9, முதல் பத்து கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. ஐந்து வருஷம் நகராதது ஐந்தே நாளில் நகர்ந்தது. ஆக, நகர்த்த முடியும். நகர்த்துவதற்கு லாரி இருந்தது, வழி இருந்தது, வாங்க ஆள் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், வெளிநாட்டில் இருநூறு பிணம்.

1989-ஆம் ஆண்டிலேயே ஒரு விதி போட்டார்கள், அபாயகரமான ரசாயனங்களைக் கையாள்வது பற்றி. போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கில் செத்த பிறகு போட்ட விதி. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது அது. முப்பத்தொரு வருஷம் கழித்து மணலிக்காரனுக்கு மணலியைப் பற்றிச் சொன்னது பெய்ரூட்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், கோவை உக்கடத்தில் கோயில் அருகே ஒரு கார் வெடித்தது. ஓட்டிவந்த இளைஞர் இறந்தார். அவர் வீட்டைச் சோதித்தார்கள். பொட்டாசியம் நைட்ரேட், அலுமினியத் தூள், கந்தகம் என்று சுமார் 75 கிலோ கிடைத்ததாகக் காவல்துறை சொன்னது. மாநிலமே அதிர்ந்தது. அதிர வேண்டியதுதான். தேடியது சரி, பிடித்தது சரி. 75 கிலோவுக்குத் தேசியப் புலனாய்வு முகமை வந்தது. 740 டன் என்பது அதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. அதற்கு ஒரு வாட்ச்மேன். (இன்னொன்றும் இருக்கிறது. காரில் இறந்த அந்த ஆளை அதே முகமை 2019-லேயே கூப்பிட்டு விசாரித்து அனுப்பியிருந்தது. கோப்பில் பெயர் இருந்தது. கோப்பு தூங்கியது.)

கோப்பு தூங்குவது நமக்குப் புதிதில்லை. 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையம். ஏறாத பயணியின் பெட்டிகள் கீழே தங்கிவிட்டன. உள்ளே வெடிகுண்டு என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. எவனோ விளையாடுகிறான் என்று இருந்துவிட்டார்கள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. 33 பேர் செத்தார்கள். கடல் தாண்டிப் பாருங்கள். 2019 ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறை கொழும்புக்குத் தகவல் அனுப்பியது. தேவாலயங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று தெளிவாகவே சொன்னது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இடையில் பதினேழு நாள். அதிபர் ஒரு பக்கம், பிரதமர் ஒரு பக்கம், நடுவில் தகவல். 260-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதற்கு அப்புறம் இலங்கைக் காவல்துறைக்கு வந்த வேகம் இருக்கிறதே! ஒரு முஸ்லிம் பெண் போட்டிருந்த உடையில் தர்மச் சக்கரம் இருக்கிறது, பௌத்தத்தை அவமதித்துவிட்டாள் என்று பிடித்து உள்ளே போட்டார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். அந்தப் பெண் கிட்டத்தட்ட அதே பதினேழு நாள் சிறையில் இருந்தார். எச்சரிக்கையைப் பதினேழு நாள் கிடப்பில் போட்டவர்கள் ஒரு சட்டைத்துணியைப் பதினேழு நாள் விசாரித்தார்கள். ராயபுரத்தில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் அது சுக்கான் என்று சொல்லியிருப்பான்.

எங்கேயும் குறைவாக இருந்தது சட்டம் இல்லை. சட்டம் மிச்சம் மீதி வைத்துச் சாப்பிடும் அளவுக்கு இருக்கிறது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா வந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளே போட்டது. தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்குத் தூக்கு என்றது தடா நீதிமன்றம். 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியே அனுப்பியது. இந்த வழக்குக்குத் தடாவே பொருந்தாது என்றது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலம் பொருந்தும் என்றது. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையாகும்போது 31 வருஷம் ஓடியிருந்தது. இரண்டு பேட்டரிக்கு 31 வருஷம். 740 டன்னை ஐந்து வருஷம் ஊர் நடுவில் வைத்திருந்ததற்கு? ஒரு மெமோவாவது?

தடா போய்ப் பொடா வந்தது. வைகோவின் கட்சி நாடாளுமன்றத்தில் பொடாவை ஆதரித்து ஓட்டுப் போட்டது. சில மாதம்கூட ஆகவில்லை. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் அதே பொடாவில் வைகோவைத் தூக்கி வேலூர் சிறையில் வைத்தது ஜெயலலிதா அரசு. 19 மாதம். குண்டு வைக்கவில்லை, பேசினார். பத்திரிகையாசிரியர் நக்கீரன் கோபாலும் பொடாவில் உள்ளே போனார். தமிழ்நாட்டில் பயங்கரவாதத்தின் முதன்மையான ஆயுதம் வாய் என்று அப்போதுதான் தெரிந்தது. 2004-இல் பொடாவை ஒழித்துவிட்டோம் என்றார்கள். கைதட்டினோம். ஒழித்த கையோடு அதன் உறுப்புகளை எடுத்துச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவில் ஒட்டவைத்தார்கள். அதையும் கைதட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். 2016 முதல் 2019 வரை ஊபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர். சொன்னது எதிர்க்கட்சி இல்லை, நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம். பரீட்சையில் நூறுக்கு இரண்டு மார்க் வாங்கும் பையனை எந்த அப்பனும் அடுத்த வகுப்புக்கு அனுப்பமாட்டான். நாம் 2019-இல் திருத்தம் கொண்டுவந்து, தனி ஆளையும் பயங்கரவாதி என்று அறிவிக்க அதிகாரம் கொடுத்தோம்.

அந்த ஊபாவின் 15-ஆம் பிரிவை எண்ணூர்க்காரர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பயங்கரவாதச் செயல் என்றால் என்ன என்று சொல்கிற பிரிவு அது. குண்டு, டைனமைட் என்று ஆரம்பிக்கிற பட்டியல். போகப்போக விஷவாயு வருகிறது. ரசாயனம் வருகிறது. ஆபத்தான எந்தப் பொருளும் வருகிறது. படித்தால் நம்ம பேட்டையின் விலாசம் மாதிரி இருக்கும்.

2023 டிசம்பர் 26. சுனாமியின் நினைவு நாள். நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடலுக்குள் போகும் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் ஈரத்துணியோடு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு சைரன் இல்லை, ஒரு மைக் இல்லை. சாகர் கவசத்தின் சிவப்பு அணி இல்லை, நீல அணி இல்லை. ஒத்திகை பார்த்தவர்களில் ஒருவர்கூட அந்த ராத்திரி நாடகத்துக்கு வரவில்லை.

இது பயங்கரவாதம் இல்லை என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். 15-ஆம் பிரிவுக்கு 'நோக்கம்' வேண்டும். கம்பெனிக்கு நம்மைப் பயமுறுத்தும் நோக்கம் கிடையாது. நம்மைப் பற்றிய எந்த நோக்கமும் கிடையாது. புயலில் பாறை நகர்ந்து குழாயில் பட்டிருக்கும் என்றார்கள். ஆகவே பசுமைத் தீர்ப்பாயம், குழு, அறிக்கை, இழப்பீட்டுத் தொகை. பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்த பெண்களைச் சுற்றித்தான் போலீஸ் நின்றது. குழாயைச் சுற்றி அல்ல. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தைக் கறுப்பாக்கியிருந்தது. அள்ளியவர்கள் மீனவர்கள். கையால், மக்கால், வாளியால்.

வாளி என்றதும் 2017 ஞாபகம் வருகிறதா? வர வேண்டும். ஜல்லிக்கட்டுப் போராட்டம் மெரினாவில் தடியடியில் முடிந்தது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. காக்கிச் சட்டைக்காரர்களே வண்டிக்குத் தீவைப்பதாகக் காட்டிய காணொளிகளை நாடே பார்த்தது. ஜனவரி 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எழுந்தார். தேசவிரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றார். ஆதாரமும் வைத்திருந்தார். வண்டியில் ஒசாமா பின்லேடன் படத்தோடு போகிற ஒருவனின் புகைப்படம். தமிழ்நாட்டின் பாதுகாப்பு அன்று ஒரு ஸ்டிக்கர் மட்டத்தில் ஊசலாடியது.

மறுநாள், ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூருக்கு நேரே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், இன்னொன்று எண்ணெய் ஏற்றிவந்த கப்பல். ரேடார், கண்காணிப்புக் கோபுரம், கடலோரக் காவல்படை எல்லாம் இருக்கிற கடல். கரையிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரிகிற தூரம். சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று துறைமுகம் அறிக்கை விட்டது. அறிக்கையின் மை காய்வதற்குள் கரிய கூழ் திருவொற்றியூர், காசிமேடு கரையெல்லாம் ஒதுங்கியது. அத்தனை பெரிய தேசம், விண்வெளிக்குச் செயற்கைக்கோளை நூற்றுக்கணக்கில் அனுப்பும் தேசம், பிளாஸ்டிக் வாளி வாங்கி மாணவர்களையும் மீனவர்களையும் வரிசையில் நிறுத்தியது. பின்லேடன் ஸ்டிக்கரைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இரண்டு கப்பல் தெரியவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அன்றைய எதிரிக்கே தெரிந்திருக்கிறது, இந்த ஊரில் சுடுவதென்றால் எதைச் சுட வேண்டும் என்று. நூறு வருஷத்தில் நாம் என்ன செய்தோம்? தொட்டிகளைப் பெருக்கினோம். பெட்ரோல், எரிவாயு, அம்மோனியா, நிலக்கரி, சாம்பல், எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே பட்டையில் அடுக்கினோம். அதற்கு நடுவில் மனிதர்களை விட்டுவைத்தோம். வடசென்னைக்கு வரப்போகும் பயங்கரவாதி வெடிமருந்து சுமந்துவர வேண்டிய அவசியமில்லை. வந்தால் போதும்.

இதெல்லாம் தேசப் பாதுகாப்பு விஷயம், வெளியில் சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். எதிரிக்குத் தெரியும். கப்பல் கம்பெனிக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், கன்டெய்னரை ஏற்றி இறக்கும் டிரைலர் டிரைவருக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவள்தான் முதலில் சாகப் போகிறவள்.

ஆகவே வடசென்னைக்காரர்கள் கேட்க வேண்டியது புதிய சட்டம் இல்லை, புதிய படை இல்லை. ஒரு போர்டு. மணலி, மாதவரம், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் ஒவ்வொரு கன்டெய்னர் யார்டின் கேட்டிலும், ஒவ்வொரு ரசாயன ஆலை வாசலிலும், தமிழில், கொட்டை எழுத்தில்: உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை டன், எந்தத் தேதியிலிருந்து, எந்த அதிகாரியின் பொறுப்பில், சைரன் அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும். மாதா மாதம் தேதி மாற்றி எழுத வேண்டும். சட்டத்தில் ஏற்கெனவே இதற்கு இடம் இருக்கிறது. கலெக்டர் கையெழுத்துப் போட்டால் நடக்கிற காரியம். அடுத்த கிராம சபையில், வார்டுக் கூட்டத்தில், ஓட்டுக் கேட்டு வருகிறவரின் ஆரத்தித் தட்டுக்கு முன்னால் இதை மட்டும் கேளுங்கள். அதுவரை காசிமேட்டில் எவராவது அட்டையைக் காட்டு என்றால், காட்டுவோம். காட்டிவிட்டு, உங்கள் கிடங்குக் கணக்கைக் காட்டுங்கள் சார் என்று கேட்போம்.